குடியை நிறுத்த ஒரு கூட்டம் வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியை நிறுத்த நினைப்பவர்களும் நிறுத்தியவர்களும் உட்கார்ந்து பேசும் கூட்டங்களைப் பற்றிப் புதிதாக வருகிறவர்கள் எங்களைப் போன்ற பழைய ஆட்களிடம் கேட்பவை இவை. கேட்கத் தயங்கி மனதுக்குள்ளேயே வைத்திருப்பவையும் சில உண்டு.

இந்தக் கூட்டங்களை யார் நடத்துகிறார்கள்? டாக்டர் இருப்பாரா?

டாக்டர், கவுன்சிலர், அதிகாரி யாரும் இல்லை. குடித்துச் சீரழிந்தவர்களே கூடி, இன்றைக்குக் குடிக்காமல் இருப்பது எப்படி என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடம். இவற்றில் அதிகம் பரவியிருப்பது ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 180க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது.

அது தொடங்கிய விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 1935-ல் பில் வில்சன் என்கிற பங்குத் தரகர் தொழில் விஷயமாக அமெரிக்காவின் ஆக்ரான் நகருக்கு வந்தார், வந்த வேலை ஊற்றிக்கொண்டது, ஹோட்டலில் பக்கத்திலேயே மதுக்கூடம், குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. அவர் நேராகத் தொலைபேசிக்குப் போய், தேவாலயங்களின் எண்களைப் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி யாராவது கிடைப்பாரா என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித், ஒரு அறுவை சிகிச்சை மருத்துவர். அந்த இருவரும் தொடங்கியதுதான் ஏ.ஏ. வில்சன் அன்று தேடியது ஒரு ஆளை. நீங்களும் அதைத்தான் தேட வேண்டும் என்பது என் கட்சி, கீழே பல பதில்களில் இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குடிநோயாளிதானா என்பதே எனக்குத் தெரியவில்லை. அப்படியிருக்கப் போகலாமா?

போகலாம். ஏ.ஏ.வில் உறுப்பினராக ஒரே ஒரு தகுதிதான் கேட்கிறார்கள், குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. அது பாதி ஆசையாக இருந்தாலும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. வாசலில் சோதனை கிடையாது, விண்ணப்பப் படிவமும் கிடையாது.

உங்களுக்கே ஒரு தெளிவு வேண்டுமென்றால் உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற 10 கேள்விகள் இருக்கின்றன. எத்தனை முறை, எவ்வளவு, குடித்த பிறகு நடந்தது மறந்துபோகிறதா, யாராவது குறைக்கச் சொன்னார்களா என்பது போன்றவை. மொத்தம் 40 மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி ஆபத்தான அளவில் இருக்கலாம் என்று பொருள். ஆனால் ஒன்று, குடி பிரச்சினையாக இல்லாதவர் இரவு 2 மணிக்கு உட்கார்ந்து இந்த மாதிரி விஷயங்களைத் தேடிப் படிப்பது அபூர்வம்.

குடியை முழுசாக நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டுமா? நாளைக்கே நிறுத்திவிடட்டுமா?

முதல் கேள்விக்கு: வேண்டாம். இன்னும் குடித்துக்கொண்டிருப்பவர்களும் வருகிறார்கள். குடித்துவிட்டு வந்தால் பேசாமல் கேட்டுக்கொண்டு இருக்கச் சொல்வார்கள், தகராறு செய்யாதவரை வெளியே அனுப்ப மாட்டார்கள்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம், அவசரப்படாமல் படியுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்துக்குப் பிறகு கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்கு 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' வரும், அதாவது இல்லாதது கண்ணுக்குத் தெரியும், இடம் நேரம் குழம்பும், காய்ச்சல் அடிக்கும், இதயம் தறிகெட்டு ஓடும். சிகிச்சை இல்லாமல் விட்டால் சாவு வரை போகும்.

காலையில் நடுக்கம் நிற்பதற்காகவே குடிப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், கல்லீரல் கெட்டவர், கர்ப்பிணிகள், இவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில நாட்களுக்கு மாத்திரை கொடுத்து, தயமின் என்கிற பி1 வைட்டமின் ஏற்றி, பத்திரமாக நிறுத்த வைப்பார்கள். இது சாதாரணமாக நடக்கிற சிகிச்சைதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் கூட்டத்துக்குப் போகக் கூடாது, நேராக அவசரச் சிகிச்சைக்குத்தான். குடும்பத்தினருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், 'நல்லவேளை நிறுத்திவிட்டார்' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு நடுக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

சரி, கூட்டத்தை எங்கே தேடுவது?

ஏ.ஏ.வின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நாடு வாரியாகத் தொடர்பு விவரங்கள் இருக்கும். 'மீட்டிங் கைடு' என்று அவர்களுடைய செயலி ஒன்றும் இருக்கிறது, ஆனால் எல்லா நாடுகளின் கூட்டங்களும் அதில் இருக்காது. உள்ளூர்க் குழுக்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகத்தை 'இன்டர்குரூப்' என்பார்கள், அதற்கு ஒரு தொலைபேசி எண் இருக்கும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, போதை மீட்பு மையம், அங்கே இருக்கும் சமூகப் பணியாளர் ஆகியோரிடம் கேட்டாலும் தெரியும், பல மருத்துவமனைகளில் ஏ.ஏ. உறுப்பினர்களே வந்து பேசிவிட்டுப் போவது வழக்கம்.

இதுவரை சொன்னது எல்லாம் பட்டியல். பட்டியலில் ஒரு சங்கடம் என்னவென்றால், கிழமை மாறியிருக்கும், இடம் மாறியிருக்கும், கூட்டமே நின்றுபோயிருக்கும், திருத்துவதற்கு ஆள் இருக்க மாட்டார்கள், எல்லோரும் தன்னார்வலர்கள்தானே. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் நேராக வீட்டுக்குப் போவார் என்று சொல்ல முடியாது. அதனால் போவதற்கு முன் கட்டாயம் அழையுங்கள்.

அழைத்தால் எடுப்பவர் பெரும்பாலும் குடியை விட்ட ஒருவராகத்தான் இருப்பார். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் "குடியை நிறுத்தணும், கூட்டத்துக்கு வரணும், முதல் தடவை" என்ற மூன்று விஷயம் போதும். அப்புறம் இவற்றைக் கேளுங்கள்: இன்றைக்குக் கூட்டம் உண்டா, எந்த மொழியில் பேசுவார்கள், கட்டடத்துக்குள் எந்த வழியாக வர வேண்டும், வாசலில் யாராவது எனக்காக நிற்க முடியுமா. கடைசிக் கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். புதிதாக வருபவரை அழைத்து வருவது அவர்களுக்குத் தொந்தரவு இல்லை, அதுதான் அவர்களே குடிக்காமல் இருக்கும் வழி.

1981-ல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சிகிச்சைக்கு வந்த 20 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கூட்டம் நடக்கும் இடம், நேரம் எல்லாம் சொல்லிப் போகச் சொன்னார்கள். இன்னொரு பாதிக்குச் சிகிச்சை அறையிலிருந்தே ஒரு உறுப்பினருக்குப் போன் போட்டு, அவர் கூட்டிக்கொண்டு போவதாகப் பேசி முடித்தார்கள். இரண்டாவது பாதியில் எல்லோரும் போனார்கள். முதல் பாதியில் ஒருவர்கூடப் போகவில்லை. 20 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான், ஆனாலும் பல வருடமாக நான் வாசலில் பார்ப்பதும் இதுதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இணையத்தில் 'குடி உதவி எண்' என்று தேடினால் வருபவற்றில் சில, பணம் வாங்கும் சிகிச்சை மையங்களின் விளம்பரம். எடுத்த எடுப்பில் எந்த அமைப்பு, கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். காப்பீட்டு விவரம், அட்டை எண் என்று கேட்க ஆரம்பித்தால் அது நீங்கள் தேடும் இடம் இல்லை.

பட்டியலில் 'திறந்த கூட்டம்', 'மூடிய கூட்டம்' என்று இருக்கிறதே?

திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம், குடும்பத்தார், மாணவர்கள், சும்மா தெரிந்துகொள்ள வருபவர் உட்பட. மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை இருப்பவர்களுக்கு மட்டும். முதல் நாள் மனைவியோ அண்ணனோ கூட வந்தால்தான் தைரியம் என்றால் திறந்த கூட்டமாகப் பார்த்துப் போங்கள்.

முதல் நாள் என்ன நடக்கும்?

பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த ஏதோ ஒரு அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், வட்டமாகவோ வரிசையாகவோ. ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை. ஒருவர் தலைமை தாங்குவார், அவர் தலைவர் எல்லாம் இல்லை, அன்றைக்கு அவர் முறை. ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு பத்தி வாசிப்பார்கள், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் 12 படிகளை வாசிப்பார்கள், வாசிப்பவர் பல தடவை வாசித்து மனப்பாடம் ஆகி வேகமாக ஓட்டுவார். பிறகு பகிர்வு. ஒருவர் தன் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிவிட்டுத் தன் கதையைப் பேசுவார், மற்றவர்கள் நடுவில் குறுக்கிட மாட்டார்கள், புத்திமதியும் சொல்ல மாட்டார்கள். அவர் முடித்ததும் அடுத்தவர்.

புதியவர்களை அதிரவைப்பது சிரிப்பு. வேலை போன கதையை, மகளின் கல்யாணத்தன்று விழுந்து கிடந்த கதையை ஒருவர் சொல்ல, சுற்றி இருப்பவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள், சொல்பவரும் சேர்ந்துதான். கேலி இல்லை அது, அதே இடத்தில் தாங்களும் கிடந்தவர்கள் என்பதால் வருகிறது. இரண்டு மூன்று கூட்டத்துக்குப் பிறகு புரியும்.

நடுவில் 'இன்றைக்கு முதல் தடவையாக யாராவது வந்திருக்கிறார்களா' என்று கேட்பார்கள். கை தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம். தூக்கினால் கைதட்டுவார்கள், அப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்ப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். இத்தனை நாள் குடிக்காமல் இருந்ததற்காகச் சிலருக்கு நாணயம் மாதிரி ஒரு பதக்கம் கொடுப்பதும் உண்டு. கடைசியில் ஒரு பிரார்த்தனையோடு முடியும்.

உண்மையான கூட்டம் அதற்கு அப்புறம்தான். நாற்காலி அடுக்கும்போது யாராவது பக்கத்தில் வந்து பேசுவார்கள், எண் கொடுப்பார்கள். முடிந்த உடனே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள், 10 நிமிடம் நில்லுங்கள். 2 பேருடைய எண்ணாவது கையில் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

நானும் பேசியே ஆக வேண்டுமா?

இல்லை. 'இன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன்' என்றால் போதும், அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.

காசு?

கட்டணம், சந்தா எதுவும் இல்லை. ஒரு பை அல்லது டப்பா சுற்றி வரும், அறை வாடகைக்கு இஷ்டப்பட்டதைப் போடலாம். புதியவரைப் போட வேண்டாம் என்றே பல இடங்களில் சொல்வார்கள்.

தெரிந்தவர் யாராவது உள்ளே இருந்துவிட்டால்?

அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே இருக்கிறார்! அவருக்கும் உங்களைப் பார்த்துத் திக்கென்றுதான் இருக்கும். முழுப் பெயர் சொல்லத் தேவையில்லை, வருகைப் பதிவேடு கிடையாது. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை வெளியே பேசக் கூடாது என்பது எல்லோரும் காக்கிற வழக்கம்.

ஆனால் அது வழக்கம், சட்டம் இல்லை. மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ பேசும் ரகசியத்துக்கு இருக்கும் பாதுகாப்பு இங்கே கிடையாது. நிலுவையில் இருக்கும் வழக்கு, யாருக்கும் தெரியாத குற்றம் இதையெல்லாம் முப்பது பேர் நடுவில் கொட்ட வேண்டாம், அதற்குத் தனியாக ஆள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் எண் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. 12 படிகளில் கடவுள் வருகிறாரே?

வருகிறார், மறைக்க வேண்டாம். 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்று போட்டிருக்கிறார்கள், அதனால் அந்த இடத்தில் கூட்டத்தையே வைத்துக்கொள்பவர்களும் உண்டு. நாத்திகர்கள் பலர் பல வருடமாகக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள், பிரார்த்தனை நேரத்தில் சும்மா நிற்பார்கள், யாரும் கேட்பதில்லை. 1975-ல் சிகாகோவில் தொடங்கி, கடவுளை நம்பாதவர்களுக்கான ஏ.ஏ. குழுக்களும் இருக்கின்றன. சில குழுக்களில் மத வாசனை தூக்கலாக இருக்கும் என்பதும் நிஜம். அப்படிப்பட்ட குழுவில் மாட்டினால் வேறு குழு பாருங்கள்.

அதுவும் ஒத்துவராவிட்டால் ஏ.ஏ. இல்லாத வழிகள் உண்டு. 'ஸ்மார்ட் ரெக்கவரி' 1994-ல் வந்தது, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் பயிற்சிகள்தான் அடிப்படை, பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார், கேள்வி கேட்டுப் பேசலாம், ஆயுள் முழுக்கக் குடிநோயாளி என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. 'லைஃப்ரிங்' மதச்சார்பற்றது. 'ரெக்கவரி தர்மா' பௌத்தத் தியானத்தை வைத்து நடக்கிறது. பெண்களுக்கென்றே ஜீன் கர்க்பேட்ரிக் என்பவர் 1975-ல் தொடங்கிய 'விமன் ஃபார் சோப்ரைட்டி' இருக்கிறது. நேரில் நடக்கும் கூட்டங்கள் இவற்றுக்குக் குறைவு, ஆனால் இணையத்தில் கிடைக்கும். எது சிறந்தது என்று சண்டை போடுபவர்களை இரண்டு பக்கமும் பார்க்கலாம், அந்தச் சண்டை நமக்கு எதற்கு?

ஆன்லைன் கூட்டம் போதாதா?

ஊரில் கூட்டமே இல்லாதவர், இரவுப் பணி செய்பவர், நடமாட முடியாதவர், யாருக்கும் முகம் காட்ட முடியாத நிலையில் இருப்பவர், இவர்களுக்கு அது வரப்பிரசாதம். 24 மணி நேரமும் உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒரு கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும், கேமராவை மூடி வைத்துக்கொண்டு கேட்கலாம். அதிலேயே குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேமராவையும் மைக்கையும் மூடியே வைத்திருந்தால் மாதக்கணக்கில் வந்தும் உங்களை ஒருவருக்கும் தெரியாது. முடிந்தபோது பெயரைச் சொல்லுங்கள், கூட்டம் முடிந்த பிறகு இருப்பவர்களோடு இருங்கள், ஒருவர் எண்ணையாவது வாங்குங்கள்.

போனேன். பிடிக்கவில்லை. என்ன செய்ய?

எது பிடிக்கவில்லை என்று பாருங்கள். எல்லோரும் வயதானவர்களா, ஒரே ஆள் அரை மணி நேரம் பேசினாரா, அழுகையும் புலம்பலுமா? அது அந்தக் குழுவின் குணம். ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக இயங்குகிறது, மேலே இருந்து கட்டளையிட ஆள் இல்லை, அதனால் ஒன்றுக்கொன்று ஏகப்பட்ட வித்தியாசம் இருக்கும். வெவ்வேறு குழுக்களாக ஒரு ஐந்தாறு பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

'இவர்கள் அளவுக்கு நான் மோசம் இல்லை' என்பதுதான் பிடிக்காத காரணம் என்றால், அடுத்த வாரமும் அதே குழுவுக்குப் போங்கள்.

பெண் தனியாகப் போகலாமா?

பல கூட்டங்களில் ஆண்கள்தான் அதிகம், சில இடங்களில் நீங்கள் ஒருவர்தான் பெண்ணாக இருக்கக்கூடும். போன் செய்யும்போதே பெண் உறுப்பினர் யாரிடமாவது பேச வேண்டும் என்று கேளுங்கள், பெண்களுக்கான கூட்டம் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். இன்னொன்றை வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். புதிதாக, உடைந்துபோய் வருபவரிடம் காதல் என்றும் ஆறுதல் என்றும் நெருங்குபவர்கள் இங்கேயும் உண்டு, அதைப் '13-வது படி' என்று உள்ளேயே கசப்போடு சொல்வார்கள். இரவில் போன், தனியாக வண்டியில் கொண்டுவிடுவது, பணம் கொடுப்பது அல்லது கேட்பது என்று வந்தால் விலகிவிடுங்கள், குழுவில் பழைய பெண் உறுப்பினரிடம் சொல்லுங்கள். இது ஆண்களுக்கும் பொருந்தும்.

ஸ்பான்சர் என்கிறார்களே, யார் அது?

உங்களுக்கு முன்னால் குடியை விட்டு, படிகளைச் செய்து, தினமும் நீங்கள் போன் செய்து பேசக்கூடிய ஒருவர். அவர் டாக்டரோ வங்கியோ இல்லை. யாரும் நியமிக்க மாட்டார்கள், நீங்களேதான் கேட்க வேண்டும். சில வாரம் கேட்டுப் பாருங்கள், யாருடைய பேச்சில் உங்களுக்கு நம்பிக்கை வருகிறதோ அவரிடம் கேளுங்கள், ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பொதுவான வழக்கம்.

மாத்திரை சாப்பிடுகிறேன். அதுவும் போதைதான், நிறுத்து என்று ஒருவர் சொன்னார்.

அவர் பேச்சைக் கேட்காதீர்கள். உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வின் சொந்தக் கையேடே சொல்கிறது. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிரம் ஆகியவை குடியை நிறுத்த உதவுவதற்கென்றே கொடுக்கப்படும் மருந்துகள். மனச்சோர்வுக்கோ வேறு மனநோய்க்கோ சாப்பிடும் மாத்திரையைப் பாதியில் நிறுத்திப் படுகுழியில் விழுந்தவர்கள் உண்டு. மருந்தும் கூட்டமும் சேர்ந்தே போகலாம்.

இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2020-ல் 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரை வைத்துப் பரிசீலித்தது. ஏ.ஏ.வோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடம் கழித்தும் குடிக்காமல் இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம், மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 சதவீதம். அதாவது நன்றாகவே உதவுகிறது, ஆனால் மந்திரம் இல்லை. இதிலும் 'முறையாக இணைத்துவிடும்' என்பதைக் கவனியுங்கள், துண்டுச்சீட்டு கொடுத்து அனுப்பியதைப் பற்றி இல்லை.

மூன்று மாதம் நன்றாக இருந்தேன், மறுபடி குடித்துவிட்டேன். எந்த முகத்தோடு போவது?

அதே முகத்தோடு. திட்ட மாட்டார்கள். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், கற்றுக்கொண்டது எங்கேயும் போகாது. போக முடியாவிட்டால் ஒருவருக்காவது போன் செய்யுங்கள். தினமும் அதிகமாகக் குடிக்கும் நிலைக்குத் திரும்பியிருந்தால், மேலே நடுக்கம், வலிப்பு பற்றிச் சொன்னதை மறுபடி படித்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

குடிப்பது என் கணவர். அவர் வர மாட்டேன் என்கிறார். நான் என்ன செய்ய?

உங்களுக்கு அல்-அனான் இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸும் ஆன் என்ற அவருடைய தோழியும் 1951-ல் தொடங்கியது, குடிப்பவரின் குடும்பத்தார், நண்பர்களுக்கான கூட்டம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு 1957 முதல் அலட்டீன் இருக்கிறது. அவர் குடியை நிறுத்தாவிட்டாலும் நீங்கள் போகலாம், உண்மையில் அப்போதுதான் அதிகம் தேவைப்படும். பாட்டிலை ஒளித்து வைப்பது, அலுவலகத்துக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வது, இதையெல்லாம் வருடக்கணக்கில் செய்து களைத்த ஆட்கள் அங்கே இருப்பார்கள். வீட்டில் அடி, மிரட்டல் என்று இருந்தால் கூட்டத்துக்கு முன்னால் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள்.

எங்கள் பக்கம் ஒரு கூட்டம்கூட இல்லை.

முதலில் ஆன்லைனில் சேர்ந்து நிலையாக நில்லுங்கள். பிறகு, குடிக்காமல் இருக்க விரும்பும் இன்னொருவர் கிடைத்தால் நீங்களே தொடங்கலாம், இரண்டு பேர் போதும். வாரம் ஒரு நாள், மாறாத நேரம், வீடு இல்லாத ஒரு பொது அறை. பக்கத்து வட்டார அலுவலகத்தில் சொன்னால் வாசிப்புக்கான புத்தகங்களையும் சில நேரம் பழைய உறுப்பினர் ஒருவரையும் அனுப்புவார்கள், பட்டியலிலும் சேர்ப்பார்கள். அந்தப் பகுதியில் இருக்கும் மருத்துவரிடமும் செவிலியரிடமும் கூட்ட நேரத்தைச் சொல்லி வையுங்கள், போன் எண்ணோடு. சில வாரம் நீங்கள் இரண்டு பேர் மட்டுமே உட்கார்ந்திருப்பீர்கள், அப்போதும் நேரத்துக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.